கண்டக்டர் சின்னமுத்துவைக் காணோம்

"நான் கேட்டது ஒண்ணு டீச்சர். அது குடுத்தது ஒண்ணு."

டீச்சர் மேசையில கவுந்து கெடந்தாங்க. தலையத் தூக்கல.

"காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. உக்காருங்கண்ணே."

தண்டபாணி உக்காரல. உக்காந்தா மறுபடி எந்திரிக்க முடியாதுன்னு அவரு காலுக்குத் தெரியும்.

*

ஒட்டன்சத்திரத்துல ஒரு பாத்திரக் கடைக்கு மேல ஒரு கம்ப்யூட்டர் சென்டரு. ஊருக்குள்ள அதுக்குப் பேரு மடம்.

ஏன்னா நல்லா இருக்கிறப்ப எவனும் அந்தப் படி ஏறுறதில்ல.

செல்போன்ல கேட்டா எழுதிக் குடுக்குற, படம் போட்டுக் குடுக்குற மெஷினு வந்துச்சுல்ல, அதுகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு சொல்லித் தர்ற எடம். அப்படிக் கேக்குறதுக்கு பிராம்ப்டுன்னு பேராம். மடத்துல ஒருத்தர் வாயிலயும் அது நுழையல. 'சொல்லிவிடுறது'ன்னு வச்சுக்கிட்டாங்க. மச்சானுக்கு ஆள் கிட்ட ஒரு தாக்கல் சொல்லிவிடுவோம்ல, அந்த மாதிரி.

குரு பேரு அமலோற்பவம். முப்பது வயசு கூட ஆகல. சீடருங்க பூராம் வெள்ளெழுத்துக் கண்ணாடி. தக்காளி மண்டிக்காரரு, கல்யாணத் தரகரு, கோயில் தர்மகர்த்தா.

குருவே சீடனப் பாத்து 'அண்ணே'ன்னு கூப்புடுற மடம் நாட்டுலயே அது ஒண்ணுதான்.

தண்டபாணிக்கு வாடகப் பந்தல் கடை. சேரு, சாமியானா, அண்டா, குண்டா. கல்யாணத்துக்கும் அவருதான், கருமாதிக்கும் அவருதான். திருவிழா பேனருக்கு மெஷினுகிட்ட நல்ல நல்ல வாசகம் வாங்கலாம்னு மடத்துல சேந்தாரு. வந்தாரு, போனாரு. பாதி நாளு தூங்குனாரு.

இன்னிக்குத் தூங்க வரல.

*

"எங்க அப்பாவக் காணோம் டீச்சர்."

டீச்சர் தலையத் தூக்குனாங்க. கன்னத்துல வளையல் அச்சு.

"எப்பலேர்ந்து?"

"நேத்துக் காலையில. கேட்டு தெறந்து கெடந்துச்சு. ஆளு இல்ல. பஸ் ஸ்டாண்டு பாத்தாச்சு. மண்டி பாத்தாச்சு. ஆஸ்பத்திரி பாத்தாச்சு. பாக்கக் கூடாத எடத்துலயும் போயிப் பாத்தாச்சு."

"போலீசு?"

"சொல்லிட்டேன். படமும் விவரமும் போட்டு நீங்களும் அனுப்பிவிடுங்கன்னாங்க. சரின்னு மெஷினுகிட்ட கேட்டேன். குடுத்துச்சு. ஊரு பூராம் வாட்சப்புல போட்டுவிட்டேன்."

"யாராச்சும் கூப்புட்டாங்களா?"

"கூப்புடுறாங்க டீச்சர். ஓயாமக் கூப்புடுறாங்க."

"என்னன்னு?"

தண்டபாணி தொண்டையக் கனைச்சுக்கிட்டாரு.

"ஆழ்ந்த இரங்கல்னு."

டீச்சர் நிமிந்து உக்காந்தாங்க.

"ஒருத்தன் 'எப்பண்ணே எடுக்குறீங்க'ங்கிறான். எங்க சித்தப்பன் மகன் மாலையோட வந்து வாசல்ல நிக்கிறான். நம்ம கடைக்கே போன் போட்டு, 'அண்ணே, சாவு வீட்டுக்குப் பந்தலு நீங்களே போட்டுக்குவீங்களா, நாங்க அனுப்பவா'ன்னு கேக்குறான், தொழில்ல எனக்குப் போட்டிக்காரன்!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கிற தெம்பு இல்ல. அந்தாளு மூஞ்சியப் பாத்து அதுவும் போயிருச்சு.

"எங்க, காட்டுங்க."

*

தண்டபாணி போன நீட்டுனாரு. நீட்டிட்டுச் சும்மா இருக்காம அவரே படிச்சாரு. அந்த மெஷினு எழுதுற தமிழு இருக்கே, செய்தி வாசிக்கிறவரு வேட்டியக் கட்டிக்கிட்டு ஒப்பாரி வைக்க வந்த மாதிரி. தண்டபாணி அதே கொரல்ல படிச்சாரு.

"பாசத்தின் சிகரமே! தியாகத்தின் திருவுருவமே! கருணை ததும்பும் விழிகளும் கனிவு பொங்கும் புன்னகையும் கொண்டு, குடும்பம் என்னும் தேரை இழுத்த தெய்வமே! எங்களை விட்டு எங்கு சென்றீர்?"

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. கீழ எங்க குடும்பத்துப் பேரு பூராம் இருக்கு. எம் மச்சான் பேரு விட்டுப்போச்சுன்னு அவன் வேற கோச்சுக்கிட்டான்."

டீச்சர் படத்தப் பாத்தாங்க.

தலை நெறைய முடி. வரிசையாப் பல்லு. பட்டுத் துண்டு. பின்னால சூரியன் உதிக்குது. மொகத்துல ஒரு சுருக்கம் இல்ல. ஜவுளிக்கடை வெளம்பரத்துக்கு நிக்கிற மாமனாரு மாதிரி ஒருத்தரு.

"இது யாருண்ணே?"

"அப்பா."

"உங்க அப்பாவா?"

"அழகாக்கிக் குடுன்னேன் டீச்சர்."

"ஏன்?"

"பேனருன்னா அழகாத்தானே போடுவோம்?"

அவரு உண்மையாத்தான் கேட்டாரு. அந்த ஊருல வளைகாப்புக்கும் பேனரு, காதுகுத்துக்கும் பேனரு. கறுப்பா எவனையும் எவனும் பேனர்ல பாத்ததில்ல.

"அசல் படம் இருக்கா?"

தேடி எடுத்தாரு. நல்லாக் காட்டாம, உள்ளங்கைக்குள்ள வச்சு, சீட்டாட்டத்துல காட்டுற மாதிரி லேசாக் காட்டுனாரு. சவரம் பண்ணாத மொகம். ஒரு கண்ணு இமை எறங்கிக் கெடக்கு. கீழ் ஒதடு தொங்குது.

"இத எப்படி டீச்சர் ஊருக்குக் காட்டுறது?"

ஒடனே மூடிட்டாரு.

*

"நீங்களே அதுகிட்டச் சொல்லிவிட்டு நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க. உங்க பேச்ச அது கேக்கும். அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

டீச்சர் சன்னல் பக்கம் கையக் காட்டுனாங்க.

"கீழ ரோட்டுல ஒருத்தரு இருக்காரு. அவரக் கூட்டிட்டு வாங்க."

"யாரு?"

"ஒருத்தரு."

"எதுக்கு?"

"கூட்டிட்டு வாங்கண்ணே."

"யாருன்னு சொன்னாத்தானே?"

டீச்சர் அவரு போனப் பாத்துப் படிச்சாங்க. "கருணை ததும்பும் விழி. கனிவு பொங்கும் புன்னகை. குடும்பத் தேர இழுக்குறவரு. போங்க."

*

தண்டபாணி எறங்குனாரு. வெயிலு மண்டையில அடிச்சுச்சு. வெங்காய லாரி, மினி பஸ்ஸு, ஆரன் சத்தம்.

நின்னு பாத்தாரு. ரோடு பூராம் ஆம்பளைங்க. எல்லாவனும் எதையோ இழுத்துக்கிட்டுத்தான் போறான். எவன் கண்ணுலயும் கருணை இல்ல. தூசிதான் இருக்கு.

மேல ஏறுனாரு. தனியா.

"அப்படி யாரும் இல்ல டீச்சர்."

டீச்சர் கண்ண மூடிக்கிட்டு, மெஷினு கொரல்ல சொன்னாங்க. "மன்னிக்கவும்! தங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறேன். மீண்டும் முயன்று பாருங்கள்!"

தண்டபாணிக்குக் கோவம் வந்துச்சு. ஆனா பேனரு வாசகத்துக்காகப் படிச்சாலும் குரு குருதான? எறங்குனாரு.

இந்தத் தடவ கூட ஒருத்தரு வந்தாரு. வெங்காய மூட்ட எறக்குற ஆளு. தண்டபாணி அவரு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு.

"ஏங்க, என்ன விசயங்க? லோடு பாதியில நிக்குது. இந்தாளு வந்து 'நீங்க குடும்பஸ்தரா, கொஞ்சம் சிரிங்க'ங்கிறாரு!"

டீச்சர் அவர நிமிந்து பாத்தாங்க.

"மன்னிச்சுக்கங்கண்ணே. ஆளு நீங்க இல்ல."

"நான் இல்லன்னா எனக்குத் தெரியாதா? நான் எப்பச் சொன்னேன் நாந்தான்னு?" அவரு திட்டிக்கிட்டே எறங்குனாரு. கடேசிப் படி வரைக்கும் திட்டு கேட்டுச்சு.

தண்டபாணி சொவத்துல சாஞ்சாரு. சாஞ்சபடியே கீழ சறுக்கி, தரையில உக்காந்துட்டாரு.

"எங்கப்பனத் தேடிக்கிட்டுத் திரியுறேன் டீச்சர். நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி எறங்கல. நீங்க வெளையாடுறீங்க."

*

அந்நேரம் படியில செருப்புச் சத்தம். ஒருத்தரு உள்ள வந்தாரு. தலையில மஞ்சத் துண்டு. கையில டீ கேனு. இடது கால இழுத்து இழுத்து நடக்குறாரு.

"என்ன டீச்சரு, இன்னிக்கு டீ வேணாமா? சத்தமே காணோம்."

டீச்சர் அவரக் காட்டுனாங்க.

"இவரத்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

தண்டபாணி தரையிலேர்ந்தே கத்துனாரு.

"இவரா! மஞ்சத் துண்டு, டீ கேனு, கால இழுத்து நடப்பாருன்னு சொல்லியிருந்தா ஒரே மூச்சுல கூட்டியாந்திருப்பேன்ல! கருணையாம், விழியாம்! கண்ணு முன்னாடி நிக்கிற ஆளக் கூட அத வச்சு எவன் கண்டுபுடி—"

வாயி தெறந்தபடி நின்னுபோச்சு.



டீக்காரரு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. "கால இழுக்குறேன்னு என் முன்னாடியே சொல்றாங்க பாரு," ன்னு சொல்லிக்கிட்டே டீய ஊத்துனாரு. தண்டபாணிக்குச் சீனி தூக்கலாப் போட்டாரு.

*

டீச்சர் போன தண்டபாணி கையில குடுத்தாங்க.

"இப்பச் சொல்லிவிடுங்க."

"நீங்க அடிங்க டீச்சர்."

"எனக்கு உங்க அப்பாவத் தெரியாது."

தண்டபாணி போனப் பாத்தாரு. அத இப்பத்தான் மொதத் தடவையாப் பாக்குற மாதிரி பாத்தாரு. அதுக்குள்ள இருக்கிற மெஷினுக்கும் அப்பாவத் தெரியாதுல்ல.

"என்ன சட்ட போட்டிருந்தாரு?" டீச்சர் கேட்டாங்க.

தண்டபாணி யோசிச்சாரு. ஒரே வீடு. ஒரே ஹாலு. தெனம் அவரத் தாண்டித்தான் கடைக்குப் போறது.

"தெரியல டீச்சர்."

வீட்டுக்குப் போன் போட்டாரு. பொண்டாட்டி சரசு எடுத்தாங்க. அழுது அழுது கொரலு கட்டிக் கெடக்கு.

"என்னங்க, கெடச்சுட்டாரா?"

"இல்ல. அப்பா என்ன சட்ட போட்டிருந்தாரு?"

"நீலக் கட்டம் போட்டது. பட்டன் எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருப்பாரு. நான் போட்டுவிட்டா அவுத்துட்டு மறுபடி மாத்திப் போடுவாரு."

"கால்ல?"

"என் செருப்பு."

"என்னது?"

"ரோஸ் கலரு. பூப் போட்டது. அதத்தான் மாட்டிட்டுப் போயிருக்காரு. அவரு செருப்பு இங்கதான் கெடக்கு. அதப் பாக்கப் பாக்கத்தான்..."

தண்டபாணி போன வச்சாரு.

"லேடீஸ் செருப்பு டீச்சர். அத எப்படிப் போடுறது?"

டீச்சர் டீயக் குடிச்சாங்க.

அவரு ஒத்த வெரலால அடிச்சாரு. நீலக் கட்டம் போட்ட சட்டை. பட்டன் மாத்தி. ரோஸ் கலர் லேடீஸ் செருப்பு.

"வேற?"

"வேற என்ன?"

"கூட்டத்துக்குள்ள அவரு மட்டும் செய்யிறது ஏதாச்சும்?"

தண்டபாணி கிளாச உருட்டிக்கிட்டே இருந்தாரு.

"அப்பா கண்டக்டரா இருந்தவரு. பிரைவேட்டு பஸ்ஸு. தாராபுரம் லைன்ல."

"சரி."

"இப்பவும் அதான்."

"இப்பவுமா?"

"வீட்டுக்கு யாரு வந்தாலும் டிக்கெட்டு கேப்பாரு. கொஞ்ச நாளு முந்தி சம்பந்தம் பேச வந்தாங்க, எம் மகளுக்கு. மாப்பிள்ளையோட அம்மாவப் பாத்து 'படியில நிக்காத, உள்ள போ உள்ள போ'ங்கிறாரு. நான் அவரக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி உள் ரூம்புல விட்டுட்டேன். காது சரியாக் கேக்காதுன்னு அவங்ககிட்டச் சொல்லிச் சமாளிச்சேன்."

"மறதியா?"

"ம்."

"மெஷினுகிட்ட அதச் சொல்லலையா?"

"சொல்லல."

"சொல்லிவிடுங்க."

"வேணாம் டீச்சர். புத்தி பெரண்டவரு பேத்தின்னு பேராயிரும். சம்பந்தி வீட்டுல பாப்பாங்க."

டீச்சர் போன வாங்கி, மெஷினு மொதல்ல குடுத்த படத்தத் தெறந்தாங்க. பட்டுத் துண்டு, வரிசப் பல்லு, சூரியன். அத அவரு முன்னால வச்சுட்டு, மறுபடி மேசையில கவுந்தாங்க.



"இத யாரு பாக்கணும்ணே?" கவுந்தபடியே கேட்டாங்க.

"எல்லாரும்."

"சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா அப்பா கெடச்சிருவாரா?"

"அவங்க எங்க டீச்சர் அப்பாவப் பாக்கப் போறாங்க? கார்ல போறவங்க. பாக்க வேண்டியது பஸ்ஸுக்காரன், டீக்கடைக்காரன், ரோட்டுல போறவன்..."

சொல்லச் சொல்ல அவரு கொரலு எறங்கிக்கிட்டே வந்துச்சு.

*

"எப்படி டிக்கெட்டு கேப்பாரு?"

"எப்படின்னா? கேப்பாரு."

"எப்படி?"

தண்டபாணி சொவத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

இடது கையத் தூக்கி, அக்குளுக்கு அடியில ஒரு தோல் பை தொங்குற மாதிரி அணைச்சுக்கிட்டாரு. ஒரு தோள எறக்குனாரு. ஒரு கண்ணு இமை தானா எறங்குச்சு. வலது கைய விசிறி மாதிரி விரிச்சு, வெரலு சந்துல மடிச்ச நோட்டு வச்சிருக்கிற மாதிரி புடிச்சாரு.

"தாராபுரம் தாராபுரம் தாராபுரேம்! ஏறு ஏறு. படியில நிக்காத. யாரும்மா அது, புள்ளையத் தூக்கிக்க. சில்லறையாக் குடு சாமி, காலையிலயே நோட்ட நீட்டாத. உள்ள போ, உள்ள எடம் கெடக்குது!"

டீக்காரரு கேனக் கீழ வச்சுட்டாரு. டீச்சர் நிமிந்துட்டாங்க. சிரிச்சாங்க. இந்தத் தடவ நெசமாவே.

தண்டபாணி பக்கத்துல இருந்த பீரோவ உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுனாரு.

"ரைட்."

அப்படியே நின்னாரு. கை பீரோ மேலயே இருந்துச்சு.

"தெனம் தட்டுவாரு டீச்சர். கட்டில, செவுத்த, பீரோவ. நான் கத்துவேன், 'சும்மா கெடப்பா, தல வலிக்குது'ன்னு."



உக்காந்தாரு. போன எடுத்தாரு. நிறுத்தாம அடிச்சாரு. எழுத்துப்பிழ பத்திக் கவலப்படல. கடேசியா அடிச்சது மட்டும் டீச்சருக்குத் தெரிஞ்சுச்சு.

'இத பஸ் டிரைவர் கண்டக்டர் டீக்கடைக்காரங்க வண்டிய நிறுத்தாம படிக்கிற மாதிரி சின்னதா எழுது. புகழாத. படத்துல எதையும் மாத்தாத. எங்கப்பா மூஞ்சி அப்படியே இருக்கட்டும்.'

*

மெஷினு குடுத்துச்சு.

'காணவில்லை. பெயர் சின்னமுத்து. வயதானவர், மறதி உள்ளவர். நீலக் கட்டம் போட்ட சட்டை, பட்டன் மாற்றிப் போட்டிருக்கும். ரோஸ் நிற லேடீஸ் செருப்பு. பழைய பஸ் கண்டக்டர். பெயர் கேட்டால் சொல்ல மாட்டார், டிக்கெட் கேட்பார். கோபப்பட வேண்டாம். சில்லறை கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார். பார்த்தால் உடனே கூப்பிடுங்கள்.'

கீழ நம்பரு. மேல அசல் படம். எறங்குன இமை, தொங்குன ஒதடு.

"ஒத்த வார்த்த கூட நல்லதா இல்லையே டீச்சர்," ன்னாரு தண்டபாணி.

சொல்லிட்டு அவரே அனுப்பிவிட்டாரு. டிரைவருங்க குரூப்பு, மண்டி குரூப்பு, பந்தல்காரங்க குரூப்பு, எல்லாத்துக்கும். சம்பந்தி வீட்டுக் குரூப்பு வந்துச்சு. வெரலு ஒரு நிமிசம் நின்னுச்சு. அதுலயும் போட்டுவிட்டாரு.

*

மத்தியானம் சாஞ்சுச்சு. டீக்காரரு போயிட்டாரு. டீச்சர் கவுந்து கெடந்தாங்க. தண்டபாணி சொவத்துல சாஞ்சு கெடந்தாரு. தர்மகர்த்தா ஒருத்தரு மட்டும் படியேறி வந்து, "டீச்சர், கும்பாபிஷேகத்துக்கு யானை கேட்டேன், தும்பிக்கை ரெண்டு வச்சுக் குடுக்குது," ன்னாரு. டீச்சர் தலையத் தூக்காமக் கையாலயே நாளைக்குன்னு காட்டுனாங்க.

போன் அடிச்சுச்சு.

தண்டபாணி பாஞ்சு எடுத்தாரு.

"அண்ணே, இப்பத்தான் கேள்விப்பட்டேன். ஆழ்ந்த..."

"சாகலடா அவரு!" ன்னு கத்திட்டு வச்சாரு.

மறுபடி அடிச்சுச்சு. எடுக்கலாமா வேணாமான்னு பாத்தாரு. எடுத்தாரு.

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம். ஆரன் சத்தம். ஒரு எளந்தாரிக் கொரலு.

"அண்ணே, பூப் போட்ட ரோஸ் கலரு செருப்புதானே?"

தண்டபாணி தலைய மட்டும் ஆட்டுனாரு. போன்ல தல ஆட்டுனா அவனுக்கு எப்படித் தெரியும்?

"ஹலோ? அண்ணே?"

"ஆமாய்யா! ஆமா!"

"நம்ம வண்டியிலதாண்ணே இருக்காரு. நான் இந்த வண்டி கண்டக்டரு. ராத்திரி தாராபுரம் ஸ்டாண்டுலயே படுத்திருக்காரு போல. காலையில மொத ட்ரிப்புலயே ஏறிட்டாரு. பழைய ஆளு, தொழிலு தெரிஞ்சவரு, பாஸ் வச்சிருப்பாருன்னு விட்டுட்டேன். இட்லி வாங்கிக் குடுத்தேன், சாப்பிட்டாரு. எறங்கச் சொன்னா என்னையவே 'நீ எங்கய்யா போகணும்'ங்கிறாரு. என் சீட்ட எனக்குத் தர மாட்டேங்கிறாரு."

"நேத்தே ஒண்ணு போட்டேனே தம்பி, நீ பாக்கலையா?"

"இன்னிக்குக் காலையிலதாண்ணே பாத்தேன். யாரோ பெரிய பணக்காரரு செத்துட்டாருன்னு தள்ளிவிட்டேன். இவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. இவரும் எட்டிப் பாத்து 'பாவம்'னாரு."

தண்டபாணி கண்ணத் தொடச்சாரு.

"அவருகிட்டக் குடுய்யா."

போன் கை மாறுற சத்தம். காத்துச் சத்தம். அப்புறம் அந்தக் கொரலு.

"எங்க ஏறுனீங்க?"

"அப்பா. நாந்தான் தண்டபாணி."

"பேரெல்லாம் எதுக்கு? எங்க போகணும், அதச் சொல்லு."

"வீட்டுக்குப்பா. வீட்டுக்கு வாப்பா."

"வீடுன்னு ஸ்டாப்பு கெடையாது தம்பி. இந்த வண்டியில எல்லாருந்தான் வீட்டுக்குப் போறான். ஊரச் சொல்லு."

தண்டபாணி டீச்சரப் பாத்தாரு. டீச்சர் கவுந்தபடியே கண்ணத் தெறந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அவரு மூச்ச இழுத்து விட்டாரு.

"கள்ளிமேட்டுப் பிரிவு ஸ்டாப்புங்க. வேப்பமரத்த ஒட்டி, பச்சக் கேட்டு போட்ட வீடு. வாசல்ல ஒரு பொம்பள நிப்பாங்க, பேரு சரசு. ஒரு பெரியவர எறக்கிவிடணும். நீலக் கட்டம் போட்ட சட்ட. பட்டன மாத்திப் போட்டிருப்பாரு. நீங்களும் அவரு கூடவே எறங்கிக்கணும். மெதுவா எறக்குங்க."

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டுச்சு.

அப்புறம் பஸ்ஸு தகரத்துல ரெண்டு தட்டு.

"ரைட்."